ஆங்கிலேயர் யார், பிரிட்டிஷார் யார்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சென்னை அண்ணா சாலையில் குதிரை மேல் அமர்ந்திருக்கும் மன்றோவை என் தாத்தா 'இங்கிலீஷ் துரை' என்பார். பாடநூலோ 'பிரிட்டிஷ் ஆளுநர்' என்கிறது. இரண்டும் ஒன்றுதானா?
– சென்னையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி

பதில்: ஒன்றல்ல, மன்றோவின் விஷயத்தில் பாடநூல் சொல்வதே சரி. 1820 முதல் 1827 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ 1761இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தவர். நம் ஓலைச்சுவடிகளை மூட்டை மூட்டையாகச் சேகரித்த காலின் மெக்கன்சி ஸ்காட்லாந்தின் வடமேற்கிலுள்ள லூயிஸ் தீவுக்காரர். இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், ஸ்காட்லாந்துப் பெற்றோருக்கு அயர்லாந்தில் பிறந்தவர். நாம் எல்லோரையும் 'ஆங்கிலேயர்' என்ற ஒரே கட்டில் கட்டிவிட்டோம்.

இங்கிலாந்தைச் சேர்ந்தவர் ஆங்கிலேயர். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகிய மூன்றையும் தாங்கி நிற்கும் தீவின் பெயர் பிரிட்டன். அத்துடன் வட அயர்லாந்தையும் சேர்த்த அரசின் குடிமக்கள் எல்லோருமே பிரிட்டிஷார். இரண்டு பெயர்களில் 'பிரிட்டன்'தான் மிகவும் மூத்தது. கி.மு. 325ஐ ஒட்டி மார்செய்ல் துறைமுகத்திலிருந்து வடகடலை நோக்கிப் பயணம் போன பைத்தியஸ் என்ற கிரேக்கர் வழியாகவே அந்தப் பெயர் முதலில் எழுத்துக்கு வந்தது. அன்று அந்தப் பெயருக்கு உரியவர்களாக இருந்தவர்கள், இன்றைய வேல்ஸ் மொழிக்கு முன்னோடியான ஒரு கெல்டிக் மொழியைப் பேசியவர்கள். ஆங்கிலேயரின் முன்னோர் அந்தத் தீவுக்கு வந்து குடியேற அதற்குப் பிறகு ஏறத்தாழ 750 ஆண்டுகள் ஆயின.

'கிரேட் பிரிட்டன்' என்பதில் உள்ள 'கிரேட்' தற்பெருமை என்று நம்மில் பலர் நினைப்பதுண்டு. ஆங்கிலேயரின் முன்னோரான சாக்சனியர் வந்த காலத்தில், தீவின் பழங்குடிகளான பிரிட்டானியரில் ஒரு பகுதியினர் கடல் கடந்து பிரான்சின் வடமேற்கு முனையில் குடியேறினார்கள். அதனால் அந்த மண்ணுக்குப் பிரித்தானி, அதாவது சிறிய பிரிட்டன் என்று பெயர் வந்தது. அதிலிருந்து பிரித்துச் சொல்லவே தீவைப் 'பெரிய பிரிட்டன்' என்றார்கள்.

கேள்வி: 'வெள்ளைக்காரன்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அந்தத் தீவின் மக்கள் ஆதியிலிருந்தே வெள்ளையர்தானா?
– தூத்துக்குடியிலிருந்து ஓர் ஆசிரியர்

பதில்: 1903ஆம் ஆண்டு சாமர்செட் மாவட்டத்தின் செடார் மலை இடுக்கில், சுற்றுலாப் பயணிகள் பார்த்துப் போகும் கஃப் குகையில், தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தபோது ஒரு மனித எலும்புக்கூடு அகப்பட்டது. ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் இறந்த ஓர் ஆணின் எலும்புகள் அவை. 'செடார் மனிதன்' என்று பெயர் பெற்ற அவனது மரபணுவை ஆராய்ந்தவர்கள் 2018இல் வெளியிட்ட முடிவு, பிரிட்டிஷ் செய்தித்தாள்களின் முதல் பக்கங்களைப் பிடித்துக்கொண்டது: அவனது தோல் பெரும்பாலும் கருமை அல்லது அடர்ந்த பழுப்பு, முடி கறுப்பு, கண்களோ வெளிர் நிறம், அநேகமாக நீலம்.

அவன் வாழ்ந்த நாளில் பிரிட்டன் தீவாகவே இல்லை. இன்றைய வடகடலின் தென்பகுதி அன்று காடும் சதுப்பும் நிறைந்த நிலம். 1931இல் ஒரு மீன்பிடிக் கப்பலின் வலையில் சிக்கிய கரிமண் கட்டியை உடைத்தபோது, உள்ளே மான் கொம்பில் செதுக்கிய ஈட்டி முனை ஒன்று இருந்தது. கடலடியில் மனிதர் வேட்டையாடிய நிலம் கிடக்கிறது என்பதற்கு அதுவே கைக்குக் கிடைத்த முதல் அடையாளம். பனிக்கட்டி உருகிக் கடல் ஏறி, சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன் அந்த நிலம் மூழ்கிய பிறகுதான் பிரிட்டன் தீவாயிற்று.

கி.மு. 4000ஐ ஒட்டி, இன்றைய துருக்கிப் பகுதியில் வேர் கொண்ட உழவர்கள் ஐரோப்பா வழியாக வந்து சேர்ந்தார்கள். வேட்டைக்காரர்களைவிட வெளிர்ந்த தோலை உடைய அவர்கள் எண்ணிக்கையில் பழைய குடிகளை மூழ்கடித்துவிட்டார்கள். பிறகு கி.மு. 2450 வாக்கில், மணி வடிவக் குவளைகளைத் தம் பிணங்களோடு புதைக்கும் வழக்கமுள்ள இன்னொரு கூட்டம் வந்தது. சில நூற்றாண்டுகளுக்குள் தீவின் மரபணுக் கூட்டில் ஏறத்தாழ 90 விழுக்காடு அவர்களுடையதாக மாறிவிட்டது. படையெடுப்பா, கொள்ளை நோயா, மெதுவான கலப்பா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

இவர்களில் ஒருவரின் கல்லறை, தென் இங்கிலாந்தில் பெருங்கற்கள் வட்டமாக நிற்கும் ஸ்டோன்ஹெஞ்சிலிருந்து 5 கிலோமீட்டர் தூரத்தில் 2002இல் திறக்கப்பட்டது. அம்பு முனைகள், செம்புக் கத்திகள், முடியில் அணியும் பொன் நகை என்று ஏறத்தாழ நூறு பொருள்களோடு அவரைப் புதைத்திருந்தார்கள். முழங்காலில் பட்ட பழைய காயத்தால் அவர் நொண்டியே நடந்திருக்க வேண்டும். பல்லில் படிந்திருந்த வேதித் தடயத்தைக் கொண்டு, அவர் சிறு வயதில் குடித்த தண்ணீர் ஆல்ப்ஸ் மலைப் பகுதியினுடையது என்று கண்டுபிடித்தார்கள். ஒரு கால் சரியில்லாத மனிதர் அவ்வளவு தூரம் எப்படி வந்தார் என்பதுதான் எனக்குத் தீராத வியப்பு.

கேள்வி: ஸ்டோன்ஹெஞ்சைக் கட்டியவர்கள் ட்ருயிட் பூசாரிகள் என்று படித்தேன். உண்மையா?
– கோவையிலிருந்து ஒரு வாசகர்

பதில்: இல்லை. அங்குள்ள பெரிய கற்கள் கி.மு. 2500ஐ ஒட்டி நிறுத்தப்பட்டவை. சிறிய நீலக் கற்கள் வேல்ஸ் நாட்டின் பிரெசெலி மலையிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம் இழுத்து வரப்பட்டவை. கெல்டிக் மக்களின் பூசாரிகளான ட்ருயிட்டுகளைப் பற்றி விரிவாக எழுதிவைத்த ஜூலியஸ் சீசர் கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவர். இடையில் ஏறத்தாழ 2,400 ஆண்டுகள் இருக்கின்றன. கோடைச் சூரியன் திரும்பும் நாளில் வெள்ளை அங்கி அணிந்து அங்கே கூடுகிறவர்களின் வழக்கமோ மிக அண்மைக் காலத்தது.

கேள்வி: ரோமானியர் அங்கே ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் ஆண்டதாகச் சொல்கிறார்கள். அந்த மக்களிடம் அவர்கள் எதை விட்டுச் சென்றார்கள்?
– மதுரையிலிருந்து ஒரு வாசகி

பதில்: சாலைகளையும் லண்டன் நகரத்தையும் எல்லோரும் சொல்வார்கள். நான் மனிதர்களைச் சொல்ல விரும்புகிறேன்.

கி.பி. 43இல் கிளாடியஸ் பேரரசரின் படை வந்திறங்கியது. 410ஐ ஒட்டி ரோமானிய ஆட்சி முடிந்தது. இடைப்பட்ட காலத்தில் வந்தவர்களை 'ரோமானியர்' என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, அவர்களில் ரோம் நகரத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைவாகவே இருந்திருப்பார்கள். வடக்கு எல்லையில், 122இல் ஹேட்ரியன் கட்டத் தொடங்கிய 117 கிலோமீட்டர் மதிலுக்குச் சற்றுத் தெற்கே விண்டொலாண்டா என்ற கோட்டை இருந்தது. அதைக் காவல் காத்தவர்கள் இன்றைய நெதர்லாந்து, பெல்ஜியம் பகுதிகளின் பழங்குடி வீரர்கள். ஈரமண் காப்பாற்றி வைத்ததால், அவர்கள் மையால் எழுதிய மெல்லிய மரச் சீவல்கள் 1973 முதல் நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. ஒரு கடிதம் காலுறைகளும் இரண்டு ஜோடி உள்ளாடைகளும் அனுப்பப்பட்டதைச் சொல்கிறது. இன்னொன்றில், கிளாடியா செவேரா என்ற பெண் தன் தோழியைப் பிறந்தநாளுக்கு அழைக்கிறாள். கடைசி வரிகளை அவளே தன் கைப்பட எழுதியிருக்கிறாள். லத்தீனில் ஒரு பெண்ணின் கையெழுத்தாக இன்று நமக்குத் தெரிந்தவற்றுள் மிகப் பழையவற்றில் அதுவும் ஒன்று.

வேறொரு சீவல் கணக்குச் சீட்டு. தாப்போவின் மகன் கம்பாக்ஸ் என்ற படைவீரன் 2 தெனாரி, அதாவது ரோமானிய வெள்ளிக் காசு, கொடுத்து மிளகு வாங்கியதாக அதில் பதிந்திருக்கிறது. அந்தக் காலத்தில் ரோமப் பேரரசுக்கு மிளகு போனது சேர நாட்டு முசிறித் துறையிலிருந்து. யவனர் கலம் 'பொன்னொடு வந்து கறியொடு பெயரும்' என்று அகநானூறு பாடும் அதே மிளகு, பனி கொட்டும் அந்த எல்லைக் காவலனின் கஞ்சிக்குப் போயிருக்கிறது.

அந்த மதிலின் கிழக்கு முனைக்கு அருகே, சவுத் ஷீல்ட்ஸ் என்ற ஊரில் கிடைத்த கல்லறைக் கல்லைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கூடை நாற்காலியில் ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். ஒரு பக்கம் நகைப்பெட்டி, மறுபக்கம் கம்பளி நூல் உருண்டைகள் நிறைந்த கூடை. முகம் மட்டும் சிதைந்துபோய்விட்டது. பெயர் ரெஜினா, லண்டனுக்கு வடக்கே வாழ்ந்த கத்துவெல்லௌனி குலத்தவள், இறக்கும்போது வயது 30. அடிமையாக இருந்தவளை விடுவித்து மணந்துகொண்ட பராத்தேஸ், சிரியாவின் பால்மைரா நகரத்தவன். ஊர் வழக்கப்படி லத்தீனில் எழுதியதில் பிழைகள் இருக்கின்றன. அதற்குக் கீழே தன் தாய்மொழியில் ஒரே ஒரு வரி வெட்டியிருக்கிறது: 'ரெஜினா, பராத்தேஸ் விடுவித்தவள், ஐயோ.' அந்த வரியில் பிழை இல்லை.

கேள்வி: பிறகு வந்த ஆங்கிலோ-சாக்சனியர் பழைய பிரிட்டானியரை அழித்துவிட்டார்களா, விரட்டிவிட்டார்களா?
– யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: நூறு ஆண்டுகளாக இந்தக் கேள்விக்கு மாறி மாறி விடை வந்திருக்கிறது. எட்டாம் நூற்றாண்டின் துறவி பீட், ஆங்கிள், சாக்சன், ஜூட் என்ற மூன்று ஜெர்மானியக் கூட்டங்கள் கடல் கடந்து வந்ததாக 731இல் முடித்த தம் வரலாற்றில் எழுதினார். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பலரும், வந்தது ஒரு சிறு போர்வீரக் குழு மட்டுமே, உள்ளூர் மக்கள் அவர்களது மொழியையும் உடையையும் ஏற்றுக்கொண்டார்கள் என்று வாதிட்டார்கள். 2022இல் வெளியான ஒரு பெரிய மரபணு ஆய்வு இந்த வாதத்தை ஆட்டிவிட்டது. தெற்கு, கிழக்கு இங்கிலாந்தின் அக்காலக் கல்லறைகளில் கிடந்தவர்களின் மரபில் சராசரியாக 76 விழுக்காடு, வடகடலுக்கு அப்பாலிருந்து வந்ததாக இருந்தது. ஆகவே பெருங்கூட்டமாகவே, பெண்டு பிள்ளைகளோடு வந்திருக்கிறார்கள். ஆனால் அதே கல்லறைகளில், இரு மரபும் கலந்த குடும்பங்கள் ஒன்றாக, ஒரே வகை அணிகலன்களோடு புதைக்கப்பட்டிருப்பதையும் அந்த ஆய்வு காட்டியது. எனவே முழு அழிப்பு என்ற பழைய கதையும் நிற்கவில்லை.

சட்டத்தைப் பார்த்தால் இந்தக் கலப்பு எப்படி நடந்திருக்கும் என்று ஓரளவு புரிகிறது. தெற்கே சாக்சனியர் அமைத்த வெசெக்ஸ் நாட்டின் மன்னன் ஈனே ஏழாம் நூற்றாண்டின் இறுதியில் இயற்றிய சட்டத்தில், கொலையுண்டவரின் குடும்பத்துக்குத் தரவேண்டிய இழப்பீடு வகுக்கப்பட்டிருக்கிறது. ஒரு சாக்சன் பிரபுவின் உயிருக்கு 1,200 ஷில்லிங். ஐந்து 'ஹைடு' (ஒரு ஹைடு ஒரு குடும்பம் பிழைக்கப் போதுமான நிலம்) வைத்திருக்கும் பிரிட்டானியனின் உயிருக்கு 600. ஆங்கிலேயனாக எண்ணப்படுவதால் உயிருக்கே விலை கூடும் என்றால், பேரப்பிள்ளைகள் எந்த மொழியைப் பேசிப் பழகுவார்கள் என்பதை ஊகிக்கலாம்.

அந்தச் சட்டம் பிரிட்டானியனைக் குறிக்கும் சொல் 'வேலா'. அன்னியன் என்பது பொருள். சொந்த மண்ணில் இருந்தவனை, வந்தேறியவன் அன்னியன் என்று அழைத்தான். அந்தச் சொல்லே நிலைத்து 'வேல்ஸ்' ஆயிற்று. நாம் தின்னும் வால்நட்டும் அதே சொல்லிலிருந்து பிறந்தது, 'அன்னியக் கொட்டை'. வேல்ஸ் மக்களோ தம் நாட்டைக் 'கம்ரி' என்கிறார்கள். ஒரே நாட்டார், உடன்பிறந்தார் என்பதுபோல அதற்குப் பொருள்.

கொசுறாக ஒன்று: 735இல் பீட் இறக்கும் தறுவாயில் தம் பெட்டியிலிருந்து உடன் துறவிகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்த பொருள்களில் மிளகும் இருந்தது. ரோம் போய்விட்டது, மிளகு மட்டும் எப்படியோ வந்துகொண்டே இருந்திருக்கிறது.

கேள்வி: ஆங்கிலத்தில் மாட்டுக்கு ஒரு பெயர், அதன் இறைச்சிக்கு வேறு பெயர். இந்தக் குழப்பம் ஏன்?
– சேலத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: மாடு மேய்த்தவன் ஒரு மொழி பேசினான், இறைச்சியைத் தின்றவன் வேறு மொழி பேசினான். 1066 அக்டோபர் 14 அன்று ஹேஸ்டிங்ஸ் போரில் வென்ற வடபிரான்சின் நார்மண்டிப் பிரபு வில்லியம் நாட்டைப் பிடித்ததும் நிலமெல்லாம் அவனுடைய ஆட்களின் கைக்குப் போயிற்று. 1086இல் எடுத்த 'டூம்ஸ்டே' நிலக்கணக்கில் பெரிய நிலக்கிழார்களில் ஆங்கிலேயர் விரல்விட்டு எண்ணும் அளவே மிஞ்சியிருந்தார்கள். தொழுவத்தில் 'கௌ', 'ஷீப்', 'பிக்' என்று ஆங்கிலத்தில் இருந்தவை பிரபுவின் உணவு மேசைக்குப் போகும்போது 'பீஃப்', 'மட்டன்', 'போர்க்' என்று பிரெஞ்சுப் பெயர் பூண்டன. அந்த 'மட்டன்' நம் ஊர்க் கடைக்கு வந்து வெள்ளாட்டைக் குறிப்பது தனிக்கதை.

இதற்கு முன்பே ஆங்கிலத்துக்குள் இன்னொரு மொழி புகுந்துவிட்டிருந்தது. 793இல் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைக் கொள்ளையிட்ட வைக்கிங்குகள் என்ற ஸ்காண்டிநேவியக் கடலோடிகள், அடுத்த நூற்றாண்டில் வடக்கிலும் கிழக்கிலும் உழுது குடியிருக்கத் தொடங்கினார்கள். டார்பி, விட்பி, கிரிம்ஸ்பி என்று 'பி'யில் முடியும் ஊர்ப்பெயர்கள் அவர்கள் விட்டுச் சென்றவை. 'பி' என்றால் ஊர். முட்டை, கத்தி, கணவன், சட்டம் ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்கள் அவர்களுடையவை. 'அவர்கள்' என்ற பொருள்படும் 'தே' கூட அவர்கள் தந்ததுதான். ஒரு மொழி பிரதிப்பெயரையே கடன் வாங்குவது அரிது. அண்டை வீட்டாராக, சம்பந்திகளாக வாழ்ந்தால்தான் அது நடக்கும். 'விண்டோ' என்பது அவர்களது மொழியில் 'காற்றின் கண்'. நம்முடைய பழைய சொல்லான 'காலதர்' என்பதும் கால், அதாவது காற்று, வரும் வழி என்பதே. தொடர்பு எதுவும் கிடையாது, இருந்தாலும் மகிழ்ச்சியாக இருக்கிறது.

நார்மானியரின் பிரெஞ்சு ஏறத்தாழ 300 ஆண்டுகள் அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் கோலோச்சியது. 1348இல் வந்த கொள்ளை நோய் மக்களில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை வாரிக்கொண்டு போனது. எஞ்சிய உழைப்பாளிகளின் கூலியும் குரலும் உயர்ந்தன. 1362இல், வழக்குகள் ஆங்கிலத்திலேயே வாதாடப்பட வேண்டும் என்று சட்டம் வந்தது. அந்தச் சட்டம் எழுதப்பட்ட மொழி பிரெஞ்சு!

கேள்வி: ஸ்காட்லாந்தை இங்கிலாந்து போரில் வென்றுதான் சேர்த்துக்கொண்டதா?
– திருச்சியிலிருந்து ஒரு வாசகர்

பதில்: வேல்ஸை அப்படித்தான் 1283இல் பிடித்தார்கள். ஸ்காட்லாந்திடம் அது பலிக்கவில்லை. 1314இல் பானக்பர்ன் போரில் ஸ்காட்டியர் இங்கிலாந்துப் படையைத் துரத்தியடித்தார்கள். பிறகு வாரிசில்லாமல் முதலாம் எலிசபெத் இறந்ததால், 1603இல் ஸ்காட்லாந்து அரசர் ஜேம்ஸுக்கே இங்கிலாந்தின் முடியும் போய்ச்சேர்ந்தது. அரசர் ஒருவர், நாடாளுமன்றங்கள் இரண்டு என்று நூறு ஆண்டுகள் ஓடின.

சேர்த்துவைத்தது கடன். 1698இல் ஸ்காட்டியர் தங்களுக்கும் ஒரு காலனி வேண்டும் என்று பனாமாவின் டேரியன் கரையில் குடியேறினார்கள். காய்ச்சலும் பட்டினியும் ஸ்பானியர் முற்றுகையும் சேர்ந்து இரண்டே ஆண்டுகளில் அதை முடித்துவைத்தன. நாட்டின் சேமிப்பில் பெரும் பங்கு அதில் மூழ்கியது. 1707 மே 1 அன்று இரு நாடுகளும் இணைந்தபோது, இங்கிலாந்து ஈடாகக் கொடுத்த 3,98,085 பவுன் 10 ஷில்லிங்கில் கணிசமான தொகை டேரியனில் பணம் இழந்தவர்களுக்கே போயிற்று. அந்த நாள் முதல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கதவும் ஸ்காட்டியருக்கு அகலத் திறந்தது. முதல் கேள்வியில் வந்த மன்றோவும் மெக்கன்சியும் அந்தக் கதவு வழியாகச் சென்னைக்கு வந்தவர்கள்.

கேள்வி: பிரிட்டிஷ் அரச குடும்பம் ஜெர்மானியக் குடும்பம் என்பது உண்மையா?
– ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்

பதில்: 1714இல் அரியணை ஏறிய முதலாம் ஜார்ஜ் ஜெர்மனியின் ஹானோவரைச் சேர்ந்தவர், ஆங்கிலம் அவருக்குச் சரளமாக வராது. இன்றைய குடும்பப் பெயரான 'விண்ட்சர்' 1917இல் சூட்டிக்கொண்டது; ஜெர்மனியோடு போர் நடக்கும்போது 'சாக்ஸ்-கோபர்க்-கோத்தா' என்ற பெயரை வைத்திருப்பது சங்கடமாக இருந்தது.

கேள்வி: என் பேரன் லண்டனில் பிறந்தவன். அவன் ஆங்கிலேயனா, பிரிட்டிஷ்காரனா?
– காரைக்குடியிலிருந்து ஒரு பாட்டி

பதில்: அம்மா, சட்டப்படி அவன் பிரிட்டிஷ்காரனா என்பது உங்கள் மகளையோ மருமகனையோ பொறுத்தது. 1983 ஜனவரி 1 முதல் அங்கே பிறந்தால் மட்டும் போதாது. பிறக்கும்போது பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தர வசிப்புரிமை பெற்றவராகவோ இருக்க வேண்டும். இருந்திருந்தால், அவன் பிறப்பாலேயே பிரிட்டிஷ்காரன்.

அவன் அங்கே புது வரவும் அல்ல. கிழக்கு லண்டனின் பிரிக் லேனுக்கு எப்போதாவது போக நேர்ந்தால், அங்குள்ள பள்ளிவாசலைப் பேரனோடு பார்த்துவாருங்கள். பிரான்சிலிருந்து மதத்தின் பெயரால் துரத்தப்பட்டு வந்த ஹியூகனோ நெசவாளர்கள் 1743இல் அதைத் தேவாலயமாகக் கட்டினார்கள். 1819இல் அது மெதடிஸ்ட் தேவாலயம். ரஷ்யப் பேரரசிலிருந்து தப்பி வந்த யூதர்கள் குடியேறிய பின் 1898இல் தொழுகைக்கூடம். 1976இலிருந்து வங்காள முஸ்லிம்களின் பள்ளிவாசல். சுவரின் உச்சியில் 1743 என்று பொறித்த சூரியக் கடிகாரம் மட்டும் மாறாமல் இருக்கிறது.

1948 ஜூனில் ஜமைக்கா முதலிய கரீபியத் தீவுகளின் மக்களை ஏற்றிக்கொண்டு 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பல் டில்பரித் துறைக்கு வந்தது. அதன் பிறகு பஞ்சாபியரும் குஜராத்தியரும், 1983க்குப் பிறகு ஈழத் தமிழரும் பெருந்தொகையாகச் சென்றார்கள். 2011 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தமிழை முதன்மை மொழியாகக் குறித்தவர்கள் ஒரு லட்சத்தைத் தாண்டினார்கள்.

'ஆங்கிலேயன்' என்பதுதான் சிக்கல். அது சட்டம் தரும் பட்டமல்ல. அவரவர் உணர்வும் ஊரார் ஒப்புதலும் சேர்ந்து தருவது. குடியேறியோர் குடும்பங்களில் பலருக்கும் 'பிரிட்டிஷ்' என்று சொல்லிக்கொள்வது எளிதாக இருக்கிறது. ஆனால் இந்தப் பெயர்களை மற்றவர்களும் எவ்வளவு உறுதியாகப் பிடித்திருக்கிறார்கள் என்று கேட்டால், அந்த நாட்டுக் கணக்கெடுப்புத் துறையே ஒரு வேடிக்கையைச் சொல்லும். 2011இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தம்மை 'ஆங்கிலேயர்' என்று மட்டும் குறித்தவர்கள் 57.7 விழுக்காடு, 'பிரிட்டிஷ்' என்று மட்டும் குறித்தவர்கள் 19.1. பத்தாண்டு கழித்து 2021இல் 'ஆங்கிலேயர்' 14.9 ஆகச் சரிந்து, 'பிரிட்டிஷ்' 54.8 ஆக ஏறிவிட்டது. நாட்டில் பெரிய மனமாற்றம் எதுவும் நிகழ்ந்துவிடவில்லை. இங்கிலாந்துக்கான படிவத்தில் முன்பு 'ஆங்கிலேயர்' என்ற கட்டம் முதலில் இருந்தது. 2021இல் 'பிரிட்டிஷ்' என்ற கட்டத்தை மேலே தூக்கி வைத்துவிட்டார்கள்.